வானியலாளர் ஆக என்ன படிக்கணும்? எத்தனை வருஷம் ஆகும்? வேலை கிடைக்குமா?

‘வானியல் படிக்கப் போறேன்’ என்று வீட்டில் சொல்லும் பிள்ளையிடம் பெரும்பாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘அப்போ நாளைக்கு மழை வருமான்னு சொல்லுவியா?’ இரண்டாவது கேள்வி, ‘ஜாதகம் பார்ப்பியா?’ வானியல் வேறு, வானிலை வேறு, ஜோதிடம் வேறு என்று விளக்கி முடித்தால் மூன்றாவது கேள்வி வரும்: ‘சரி, இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?’

முதல் இரண்டையும் சிரித்துக் கடந்துவிடலாம். மூன்றாவது சீரியஸான கேள்வி. பிளஸ் 2 மாணவர்கள் மட்டுமில்லை, ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே ‘இப்பவாவது மாறலாமா’ என்று யோசிப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள்.

நேரடியாகச் சொன்னால், இந்தியாவில் வானியல் படிக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. பிஎச்டி காலத்தில் கைக்காசு போடத் தேவையில்லை, மாதாமாதம் உதவித்தொகை வரும். சிக்கல் அதற்குப் பிறகுதான். நிரந்தர வேலை குறைவு, அதற்கான காத்திருப்பு நீளம். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது.

வானியலாளர் தினமும் என்னதான் செய்கிறார்?

தொலைநோக்கியில் கண்ணை வைத்து இரவெல்லாம் வானத்தைப் பார்ப்பவர். சினிமா காட்டும் வானியலாளர் இவர்தான். ஆனால், இன்றைய பெரிய தொலைநோக்கிகளில் கண் வைத்துப் பார்க்கும் வேலையே கிடையாது. அந்த இடத்தில் கேமரா இருக்கும், அல்லது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்யும் நிறமாலைமானி இருக்கும்.

பல சமயம் வானியலாளர் தொலைநோக்கி பக்கத்தில்கூட இருப்பதில்லை. லடாக்கில் ஹான்லே என்ற ஊரில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள இமாலயன் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. அதை இயக்குபவர்கள் உட்கார்ந்திருப்பது பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில். செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத்தான் எல்லாம் நடக்கிறது.

ரேடியோ வானியலுக்கு இரவுகூடத் தேவையில்லை. விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பகலிலும் பிடிக்கலாம். ஊட்டியில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்டது. அதை ஏன் ஊட்டியில் கட்டினார்கள்? அந்த மலைச்சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ ஒன்று, சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே போதும், வானத்தில் நகரும் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அந்த யோசனையின் சொந்தக்காரர் கோவிந்த் ஸ்வரூப். பின்னாளில் புனே அருகே தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களைக் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி உருவானதும் அவர் தலைமையில்தான்.

அப்படியென்றால் அன்றாட வேலை? பெரும்பாலும் லேப்டாப் முன்தான். தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது, வந்த டேட்டாவைச் சுத்தம் செய்வது, பைத்தானில் கோடு எழுதுவது, அது ஏன் ஓடவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது, ஆய்வுக்கட்டுரை எழுதுவது, அதில் மற்றவர்கள் சொல்லும் குறைகளுக்குப் பதில் சொல்வது.

இதில் விண்ணப்பம் எழுதும் வேலையை லேசாக நினைக்கக் கூடாது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 4-வது சுற்றுக்கு உலகம் முழுவதிலிருந்தும் 2,377 விண்ணப்பங்கள் வந்தன. கேட்கப்பட்ட நேரம், கொடுக்க முடிந்த நேரத்தைவிட ஏறத்தாழ 9 மடங்கு. அதாவது, ‘இந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்கு இத்தனை மணி நேரம் வேண்டும்’ என்று சில பக்கங்களில் மற்ற விஞ்ஞானிகளை நம்பவைக்கத் தெரிய வேண்டும். நேரம் கிடைத்த பிறகும், தரையில் உள்ள தொலைநோக்கி என்றால், ஒதுக்கிய இரண்டு இரவுகளிலும் மேகம் மூடிவிடலாம். அப்படியானால் மறுபடி விண்ணப்பம்தான்.

தொலைநோக்கி பக்கமே போகாத வானியலாளர்களும் உண்டு. கோவையில் பிறந்து இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிரியம்வதா நடராஜன், கோட்பாட்டு வானியற்பியலாளர். பிரபஞ்சத்தின் ஆரம்பக் காலத்தில், நட்சத்திரம் என்ற கட்டமே இல்லாமல், பெரிய வாயு மேகம் நேரடியாகச் சரிந்து கருந்துளை ஆகியிருக்கலாம் என்பது அவரும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த கருத்து. அப்படி உருவான ஒன்று எப்படித் தெரியும் என்பதை 2017-ல் கணித்துச் சொன்னார்கள். அந்தக் கணிப்போடு பொருந்தும் யூ.எச்.இசட்.1 என்ற விண்மீன் மண்டலத்தை ஜேம்ஸ் வெப், சந்திரா தொலைநோக்கிகளின் டேட்டாவிலிருந்து 2023-ல் அறிவித்தார்கள். கணக்குப் போட்டுவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருப்பதும் இந்த வேலையில் அடக்கம்.

இஸ்ரோ விஞ்ஞானியும் வானியலாளரும் ஒண்ணா?

இல்லை. இந்தக் குழப்பத்தில் தப்பான படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு.

ராக்கெட், செயற்கைக்கோள் ஆகியவற்றை வடிவமைத்து, கட்டி, ஏவி, இயக்குவது பொறியியல். அந்தச் செயற்கைக்கோள் அனுப்பும் டேட்டாவை வைத்து சூரியனைப் பற்றியோ கருந்துளையைப் பற்றியோ புதிதாகக் கண்டுபிடிப்பது வானியல். இஸ்ரோவின் பொது ஆட்சேர்ப்பு பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியாளர்களுக்கானது.

2023 செப்டம்பர் 2-ம் தேதி ஏவப்பட்ட ஆதித்யா எல்1 இதற்கு நல்ல உதாரணம். அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையைச் சேர்ந்தவர், பொறியாளர். அதிலுள்ள முக்கியக் கருவியான வி.இ.எல்.சி.யை உருவாக்கியது பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். இன்னொரு கருவியான சூட், புனேயில் உள்ள ஐயூகா நிறுவனத்தின் தலைமையில் உருவானது. ஒரே திட்டத்தில் இரண்டு வகை ஆட்களும் தேவைப்பட்டார்கள். ஆனால், அவர்கள் வந்த பாதைகள் வேறு வேறு.

ராக்கெட் மீதுதான் ஆசை என்றால் பொறியியல் படியுங்கள். ‘அந்த நட்சத்திரம் ஏன் அப்படி மினுங்குது’ என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், மேலே படியுங்கள்.

பிளஸ் 2-வில் எந்த குரூப்? கல்லூரியில் என்ன டிகிரி?

பிளஸ் 1-ல் கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப் வேண்டும். கூட இருப்பது பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது பெரிய விஷயமில்லை. கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் இந்தப் பாதை கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடும்.

கல்லூரியில் ‘பி.எஸ்சி. வானியல்’ என்று தேடி அலையத் தேவையில்லை. இந்தியாவில் பெரும்பாலான வானியலாளர்கள் இயற்பியல் படித்துவிட்டு வந்தவர்கள்தான். மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், குவாண்டம், வெப்ப இயற்பியல் ஆகிய நான்கும் ஒழுங்காகத் தெரிந்தவருக்கு வானியலைப் பிறகு கற்றுக்கொடுக்க முடியும். இவை தெரியாமல் நட்சத்திரங்களின் பெயர் மட்டும் தெரிந்தால் நுழைவுத் தேர்வே கை கொடுக்காது.

இளநிலையில் உள்ள முக்கிய வழிகள்:

• ஐசர் நிறுவனங்களின் 5 ஆண்டு பி.எஸ்-எம்.எஸ். படிப்பு. தமிழக மாணவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவை திருப்பதி, திருவனந்தபுரம். ஐசரின் சொந்த நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

• திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையின் கீழ் உள்ள ஐ.ஐ.எஸ்.டி. இங்கே பொறியியல் இயற்பியலோடு வானியல் முதுநிலையும் சேர்ந்த 5 ஆண்டு இரட்டைப் பட்டம் உண்டு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேவை.

• சென்னை அருகே உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளநிலைப் படிப்பு. கோட்பாட்டுப் பக்கம் போக நினைப்பவர்களுக்குப் பொருத்தம்.

• பக்கத்து ஊர் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஐ.ஐ.டி. ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம்.

நான்காவது வழியில் போகும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பல கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் கோடிங்கும் ஆராய்ச்சி அனுபவமும் குறைவு. அதை வெளியே தேடிக்கொள்ள வேண்டும். இந்திய அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை, வானியல் நிறுவனங்கள் நடத்தும் மாணவர் திட்டங்கள் ஆகியவற்றுக்குப் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை பார்த்தால், இந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவருமா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

பள்ளியில் இருப்பவர்களுக்கு வானியல் ஒலிம்பியாட் இருக்கிறது. இந்தியாவில் இதன் பொறுப்பு மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்திடம். 2025 ஆகஸ்டில் சர்வதேசப் போட்டியே மும்பையில்தான் நடந்தது.

பிஎச்டி: எங்கே, எப்படி, எவ்வளவு கிடைக்கும்?

வானியலாளர் என்ற வேலைக்கு பிஎச்டி கட்டாயம். முக்கிய இடங்கள்: பெங்களூருவில் இந்திய வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம், ஐ.ஐ.எஸ்சி.; புனேயில் ஐயூகா, ஜி.எம்.ஆர்.டி.யை நடத்தும் என்.சி.ஆர்.ஏ.; மும்பையில் டி.ஐ.எஃப்.ஆர்.; நைனிடாலில் ஏரீஸ்; அகமதாபாத்தில் பி.ஆர்.எல். இவை தவிர ஐசர்கள், சில ஐ.ஐ.டி.க்கள்.

தேர்வுகள்: ஜெஸ்ட், சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட். ஐயூகாவும் என்.சி.ஆர்.ஏ.வும் சேர்ந்து ஐ.என்.ஏ.டி. என்ற தனித் தேர்வு நடத்துகின்றன. எழுத்துத் தேர்வு நேர்காணலுக்கான டிக்கெட் மட்டும்தான். உண்மையான தேர்வு நேர்காணலில். அங்கே பெரும்பாலும் கேட்பது பெயர்களையும் எண்களையும் அல்ல. கரும்பலகையில் ஒரு கணக்கைக் கொடுத்து, எப்படி யோசிக்கிறார் என்று பார்ப்பார்கள்.

மத்திய அரசு நிறுவனங்களில் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டு வாடகைப் படி தனி. அதே வயதில் ஐ.டி.யில் இருக்கும் நண்பரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கம்மிதான். ஆனால், ஒருவர் தனியாகக் கடனில்லாமல் வாழலாம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் பிஎச்டி மாணவர்களுக்கு, பாடம் நடத்த உதவுவதற்கும் ஆராய்ச்சிக்கும் பல்கலைக்கழகமே பணம் கொடுக்கும். ஜெர்மனி போன்ற நாடுகளில் பிஎச்டி மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். எனவே லட்சக்கணக்கில் சொந்தப் பணம் கட்டி பிஎச்டி சேரச் சொன்னால், ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது.

வயசுக் கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

18 வயதில் கல்லூரி. 21-ல் பி.எஸ்சி. 23-ல் எம்.எஸ்சி. பிஎச்டிக்கு 5 முதல் 6 ஆண்டுகள், அதாவது 28 அல்லது 29. எல்லாம் நேராகப் போனால்தான் இந்தக் கணக்கு.

பிஎச்டி முடித்ததும் வேலை கிடைத்துவிடாது. அடுத்து போஸ்ட்டாக். 2 அல்லது 3 ஆண்டு ஒப்பந்தத்தில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஆராய்ச்சி. இந்தியாவில் இதற்கு மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது வெளிநாட்டு அனுபவத்துக்கு மதிப்பு அதிகம் என்பதால், பலர் ஒன்றல்ல, இரண்டு மூன்று போஸ்ட்டாக் முடிக்கிறார்கள். இரண்டு வருஷம் சிலி, மூன்று வருஷம் நெதர்லாந்து என்று ஊர் மாறி, 32 முதல் 35 வயதுக்குள் நிரந்தர இடம் கிடைத்தால் அது நல்ல வேகம்.

அதற்குப் பிறகு சம்பளம் குறைவில்லை. ஐ.ஐ.டி., ஐசர் போன்றவற்றில் உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம், லெவல் 12-ல், 1,01,500 ரூபாயில் தொடங்குகிறது. படிகள் தனி. பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளில் யு.ஜி.சி. அளவீட்டில் அது 57,700 ரூபாய்.

இந்தப் பாதையில் பலர் தடுமாறும் இடம் சம்பளமில்லை, அந்த நடுப்பகுதி. ‘எப்பதான் செட்டில் ஆவ?’ என்று வீட்டில் கேட்கும் வயதில், கையில் இருப்பது அடுத்த வருடம் முடியப்போகும் ஒப்பந்தம். கணவன், மனைவி இருவரும் ஆராய்ச்சியில் இருந்தால் ஒரே ஊரில் வேலை கிடைப்பது இன்னும் கஷ்டம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியவர்கள் திறமை இருந்தும் வெளியேறுவது இங்கேதான். இதை உதவித்தொகை தீர்க்காது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உள்ளே வரும்போதே இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அப்போ வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது, முன்பைவிடப் பெரிதாகவும் இருக்கிறது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் ஈர்ப்பு அலைகளைக் கண்டறியும் லைகோ-இந்தியா மையத்துக்கு 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாயில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கட்டப்படும் எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தில் சேர இந்தியா 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. இவற்றுக்கு வானியலாளர்கள் மட்டுமில்லை. ஆப்டிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ், கட்டுப்பாட்டு மென்பொருள், பெரிய டேட்டாவைக் கையாளத் தெரிந்தவர்களும் தேவை.

டேட்டா எவ்வளவு பெரியது? சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. அதன் கேமரா 3,200 மெகாபிக்சல். ஒரே இரவில் சுமார் 20 டெராபைட் டேட்டா வரும். இதை உட்கார்ந்து கண்ணால் பார்த்து முடிக்க முடியாது. மெஷின் லேர்னிங் தெரிந்த இயற்பியல்காரருக்கு இங்கே வேலை நிறைய.

வெளியே வந்தால் நஷ்டமா?

பிஎச்டி முடிப்பவர்கள் எல்லாருக்கும் நிரந்தர வானியல் பணி கிடைப்பதில்லை. உலகம் முழுக்க இதுதான் நிலை. ஆனால், இரைச்சல் நிறைந்த டேட்டாவில் சின்ன சிக்னலைப் பிடிக்கத் தெரிந்தவரை டேட்டா சயின்ஸ், வங்கித் துறை, மருத்துவ இமேஜிங், செயற்கைக்கோள் படங்களை அலசும் நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. விண்வெளிக் குப்பைகளைக் கண்காணிக்கும் பெங்களூரு ஸ்டார்ட்அப் டிகந்தரா போன்றவை செய்வது, ஒரு வகையில், வானியலாளர்கள் காலங்காலமாகச் செய்த வேலைதான்: வானில் நகரும் புள்ளியைப் பிடித்து, அடுத்து எங்கே இருக்கும் என்று சொல்வது.

அதனால் பிஎச்டி காலத்திலேயே கோடிங், புள்ளியியல், தெளிவாக எழுதுவது மூன்றையும் வளர்த்துக்கொண்டவருக்கு 30 வயதில் கதவு மாறுவது தோல்வியாக முடியாது. அடுத்த விஞ்ஞானி வேலை கிடைக்கும் என்று மட்டும் நம்பி, வேறெதையும் கற்காமல் இருப்பவருக்குத்தான் அடி பலமாக விழும்.

பி.இ. முடித்து வேலையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வழி மூடவில்லை. ஐ.என்.ஏ.டி. தேர்வைப் பொறியியல் பட்டதாரிகளும் எழுதலாம். எம்.எஸ்சி. இயற்பியல் இல்லாமலே பி.இ. முடித்து வானியல் பிஎச்டிக்கு வந்தவர்கள் உண்டு. ஆனால், விட்டுப்போன இயற்பியலை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். வேலையை ராஜினாமா செய்வதற்கு முன் ஓராண்டு, வார இறுதிகளில் பழைய ஜெஸ்ட் கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்ப்பது பாதுகாப்பான சோதனை.

இன்னொரு வழி கருவிகள் பக்கம். தொலைநோக்கியின் கண்ணாடி, கேமரா, ரிசீவர், மென்பொருள் எல்லாவற்றுக்கும் பொறியாளர்கள் வேண்டும். வானியல் நிறுவனங்கள் அவ்வப்போது இதற்கு ஆள் எடுக்கின்றன.

வேலையை விடாமலும் பங்களிக்கலாம். பொதுமக்கள் விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்த உதவும் கேலக்ஸி ஸூ திட்டத்தில், 2007-ல் ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சு பள்ளி ஆசிரியை, யாரும் அதுவரை கவனிக்காத ஒரு வாயு மேகத்தைக் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தமிழகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. கொடைக்கானலில் 1899-ல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம். அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்த சூரியப் படங்கள் இப்போது டிஜிட்டலாக்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் பொதுமக்கள் போகலாம். கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவன இணையதளத்தில் பார்வை நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால், நிஜமான பரீட்சைக்கு எங்கும் போக வேண்டாம். நாசாவின் டெஸ் விண்கலம் எடுத்த டேட்டா எல்லாருக்கும் இலவசம். அதைத் திறக்க லைட்கர்வ் என்ற பைத்தான் மென்பொருளும் இலவசம். வாஸ்ப்-18 என்ற நட்சத்திரத்தின் டேட்டாவை இறக்கி, நேரத்துக்கு எதிராக வெளிச்சத்தை வரைந்து பாருங்கள். 23 மணி நேரத்துக்குள் ஒரு முறை நட்சத்திரத்தின் ஒளி சுமார் 1 சதவீதம் குறைந்து மீண்டும் ஏறும். ஒரு கோள் அதன் குறுக்கே போகிறது என்று அர்த்தம்.

முதல் முயற்சியில் கோடு ஓடாது. டேட்டாவில் ஓட்டைகள் இருக்கும். வரைபடம் கோணல்மாணலாக வரும். அதைச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகும். ஞாயிற்றுக்கிழமையும் போகலாம். அந்த இரண்டு நாளும் அலுக்காமல், ‘அடுத்த நட்சத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாமா’ என்று தோன்றினால், நுழைவுத் தேர்வுத் தேதிகளைத் தேட ஆரம்பிக்கலாம்.